வாக்கெடுப்புக்கு வராத செனட்டர்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். புகைமூட்டம் வேற, எதிர்ல இருக்கிற செம்பனை வரிசையே மங்கலாத்தான் தெரியுது. ஆபீஸ் ஏர்கோன் மறுபடி சொட்டுது. அடியில வாளி.

இன்னிக்கு:
உர லோரி, மூட்டை எண்ணி இறக்கணும்.
பூனைக்குக் கண் மருந்து.
ராசாவுக்கு ஏழாம் அத்தியாயம்.
மேனேஜர் கேட்ட பட்டியல்.

அத்தியாயம் சாப்பாட்டு நேரத்துல அனுப்பியாச்சு. ராசா டவுன்ல அச்சகம் வச்சிருக்கிற காதர் பாய் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு உலகத் தலைவர்கள்னு சின்னச் சின்னப் புத்தகமாப் போடறார். எல்லாருக்கும் தெரிஞ்ச தலைவருங்களை மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் இருந்த ஆள் எனக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதி ஒருத்தர். பேரு மூணு துண்டு, எழுதினா கை வலிக்குது. இங்க செனட்டர்னே எழுதிக்கிறேன்.

மொழிபெயர்க்க மொழிபெயர்க்க ஆளைப் பிடிச்சுப் போச்சு. ஆத்தோரப் பண்ணையில பொறப்பு. மரக்கடையில கணக்கெழுதுற கிராணி வேலை. அட, நம்ம ஜாதி! சொந்தமாச் சட்டம் படிச்சு வக்கீல். அப்புறம் மாநிலச் சட்டமன்றம், நாடாளுமன்றக் கீழ்சபை, ஒரு தோல்வி, மறுபடி ஜெயிப்பு, கடைசியில செனட். உழுறவனுக்கு நிலம்னு கத்திக் கத்தியே பேர் வாங்கினவர்.

பட்டியல் விஷயம். தோட்டம் கைமாறியாச்சு, வேலையாளுங்க குடியிருக்கிற லயத்தைக் காலி பண்ணணும். பதிலுக்கு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுசா எழும்புற தாமான் குடியிருப்புல வீடு. லயத்துல இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு பேருக்கும் உண்டுன்னுதான் எல்லார் பேச்சும். இன்னிக்குத்தான் மேனேஜர் வாயைத் தொறந்தார். செக்ரோல்ல பேர் இருக்கிறவங்களுக்கு மட்டுமாம். அந்தப் புஸ்தகத்தைப் பதினெட்டு வருஷமா நான்தான் எழுதுறேன், தினம் யார் வேலைக்கு வந்தா, யார் வரலன்னு. அதுல யார் இருக்கா, யார் இல்லன்னு எனக்குத் தெரியாதா?

பட்டியலை டைப் அடிச்சேன். பதினஞ்சு பேர். அதுக்கு மேல, ஸ்டாஃப் வரிசையில, முதல் பேர் என்னுது. கார்னர் வீடு.

விட்டுப்போன ஏழு வீடு: ரிட்டயர் ஆனவங்க மூணு, விதவைங்க ரெண்டு, புருஷன் சுங்கை காடுட் ஃபேக்டரிக்கு மாறிப்போன ஒரு குடும்பம், அப்புறம் பாக்கியம் அக்கா.

ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு பாலாய் மண்டபத்துல கூட்டம். காலி பண்ணச் சம்மதம்னு ஒரே கடுதாசியில இருபத்திரண்டு வீடும் கையெழுத்துப் போடணும், ஒண்ணு குறைஞ்சாலும் செல்லாது. மேனேஜர், “லிஸ்ட் கையெழுத்துக்கு அப்புறம் ஒட்டிக்கலாம் கமலா”ன்னார். “ஓகே சார்”னுட்டு வந்து உக்காந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்ல. பூனைக் கண் பரவாயில்ல.

ஆறு மணிக்குப் பெரட்டு. ஆபீஸ் முன்னால வேலையாளுங்க வரிசையா நிக்க, வேலை வாங்குற மண்டோர் ராஜு அண்ணன் ஒவ்வொரு பேராக் கூப்பிடுவார். “இருக்கேன்”னு குரல் வந்தா நான் ஜன்னலுக்கு உள்ள உக்காந்து செக்ரோல்ல குறிப்பேன்.

“பாக்கியம்!”
“இருக்கேன்!”

எல்லாரையும் விடப் பெரிய குரல் அக்காவுதுதான். நான் குறிக்கல. குறிக்க அங்க பேரே இல்ல. அறுபது ஆனதும் அக்கா பேரை எடுத்தாச்சு, ஆறு வருஷம் ஆச்சு. இப்போ குத்தகைக்காரன் கீழ செம்பனை உதிரிப் பழம் பொறுக்குது. ஆனா பேர் எடுத்த மறுநாளும் அக்கா பழைய இடத்துலேயே வந்து நின்னுச்சு. ராஜு அண்ணனும் பழக்கத்துல கூப்பிட்டுட்டார். அப்புறம் கூப்பிடாம விட அவருக்கு மனசு வரல. பேர் கூப்பிடுறாங்க, அப்போ சம்பளம் குத்தகைக்காரன் குடுத்தாலும் புஸ்தகத்துல இருக்கோம்னு அக்கா நெனச்சிக்கிட்டு இருக்கு. ஆறு வருஷமா.

பெரட்டு முடிஞ்சதும் ஜன்னல்கிட்ட வந்துச்சு.

“கமலா, பசியாறிட்டியா?”
“ஆச்சுக்கா.”
“புது வீட்டு பிளான் உங்கிட்டதான இருக்கு? ஜன்னல் அளவு பார்த்துச் சொல்லேன். கோலா பிலா பாசார்ல கர்ட்டன் துணி பார்த்து வச்சிருக்கேன், மஞ்சப்பூ போட்டது. மத்தவளுங்க அள்ளிக்கிட்டுப் போறதுக்குள்ள வாங்கணும் லா.”

நான் பிளானைப் பிரிச்சுப் பார்த்து அளவு சொல்லிட்டேன். அகலம், உயரம், எல்லாம். துண்டுக் காகிதத்துல எழுதியும் குடுத்தேன். எனக்கென்ன கேடு? அக்கா காகிதத்தை மடிச்சு ரவிக்கைக்குள்ள வச்சிக்கிட்டுப் போச்சு.

நாள் பூரா வேலை ஓடல. உர ரசீதுல தேதி தப்பு, ரெண்டு தடவை திருத்தினேன்.

ஜூலை 9, புதன்

வெயில். ஏர்கோன் ஆள் வரல.

சாயந்தரம் எட்டாம் அத்தியாயம். கடைசி அத்தியாயம், பெரிய வாக்கெடுப்பு. செனட்டரோட மாநிலத்துல ஆத்தோரம் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையா இருந்த நிலம். குடியேறினவங்களுக்கு அது வேணும். அந்த மக்களைக் கிளப்பி மேற்கே அனுப்ப ஒரு மசோதா. இவர் அதுக்கு எதிர்ப்பு, மூணு கூட்டத்துல பேசியிருக்கார், பேச்செல்லாம் பிரமாதம். ஒரு கூட்டத்துல அழுதாராம். நானும் படிச்சிட்டு மூக்கைச் சிந்தினேன்.

ஓட்டு அன்னிக்கு ஆளைக் காணோம்.

நாலு பக்கம் முன்னும் பின்னும் புரட்டினேன். அங்க ஒரு வழக்கமாம். ஓட்டுப் போட விருப்பமில்லாத உறுப்பினர், எதிர்ப்பக்கத்து ஆள் ஒருத்தரோட முன்கூட்டியே பேசி வச்சிக்குவார். நீயும் வராதே, நானும் வரல. ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு குறையும், அதனால யாருக்கும் நஷ்டமில்ல. இவர் அப்படித்தான் பேசி வச்சிக்கிட்டார். மசோதா ஜெயிச்சிடுச்சு. அந்த மக்கள் குளிர்ல நடந்து போனாங்க.

அன்னிக்கு அவரோட நாட்குறிப்புல என்ன இருக்கு தெரியுமா? “மழை. ஆப்பிள் மரத்துக்கு ஒட்டுக் கட்டினேன்.” அவ்வளவுதான்.

நாசமாப் போக! ஏழு அத்தியாயம் உன்னைத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டு ஆடினேனேய்யா. புஸ்தகத்தை மூடிட்டுப் போய் மீன் கழுவினேன்.

ஜூலை 10, வியாழன்

மத்தியானம் நல்ல மழை. புகை அடங்கிடுச்சு.

மழைக்கு ஒதுங்குற மாதிரி ராஜு அண்ணன் ஆபீஸுக்கு வந்தார். தலையைத் துவட்டினார். சுத்திச் சுத்திப் பார்த்தார். பட்டியலை அவரும் பார்த்திருக்கார், மேனேஜர் அவரை வச்சுத்தான் பேரெல்லாம் சரி பார்த்தார்.

“கிராணியம்மா, ஞாயித்துக்கிழமை நீங்க கூட்டத்துக்குப் போறீங்களா?”
“நான் எங்கண்ணே போறேன்? கிராணி வீட்டு ஆளு என்னிக்கு லயத்துக் கூட்டத்துக்குப் போயிருக்கு?”
“அதான். நீங்களும் போக வேணாம், நானும் போகல. நம்ம ரெண்டு பேருக்குத்தான் விஷயம் தெரியும். ரெண்டு பேரும் அங்க இல்லன்னா யாரும் நம்மளைக் கேக்க முடியாது.”
“சரிண்ணே.”

சட்டுனு வந்துச்சு வாயில. நிம்மதியாக்கூட இருந்துச்சு. கிராணி லயத்துக் கூட்டத்துல உக்காரக் கூடாதுங்கிறது வெள்ளைக்காரத் துரை காலத்து வழக்கம். யாரும் எழுதி வைக்கல, யாரும் மீறினதும் இல்ல. நான் இந்த லயத்துல பொறந்தவ. இருந்தும் வேலை கிடைச்ச நாள்லேருந்து போனதில்ல. அந்த வழக்கம் எனக்கு எவ்வளவு வசதின்னு இன்னிக்குத்தான் தெரியுது.

அவர் போனப்புறம்தான் உறைச்சுது. நீயும் வராதே, நானும் வரல. அட கடவுளே. நேத்து செனட்டரை என்ன திட்டு திட்டினேன். இன்னிக்கு அதே பேச்சு, அதே ஏற்பாடு. எனக்கு ஒட்டுக் கட்ட ஆப்பிள் மரம்தான் இல்ல.

சோறு இறங்கல. மோரைக் குடிச்சேன்.

ஜூலை 11, வெள்ளி

மூட்டம். மழை வரும் வரும்னு ஏமாத்திச்சு.

சாயந்தரம் தம்பி வீட்டுக்குப் போனேன். செல்வம் பழம் வெட்டுறவன், லயத்துக் கமிட்டித் தலைவனும் அவன்தான். கூட்டம் அவன்தான் நடத்துறான். பட்டியல்ல நாலாவது பேர் அவனுது. அவனுக்கு அது தெரியாது, எல்லாருக்கும் வீடுன்னு நம்பிக்கிட்டு இருக்கான்.

அவன் வீட்டு ஓட்டுல மூணு இடத்துல ஒழுகல். ஒரே அறையில நாலு பேர். தம்பி பொண்டாட்டி ஈர மெத்தையைச் சுவத்துல சாத்திக்கிட்டே, “இந்த மழைக்காலம்தான் அண்ணி கடைசி, அடுத்த வருஷம் நாங்க சுத்தமா இருப்போம்”னா. சிரிப்பு முகம். அந்த முகத்தைப் பார்க்க முடியாம அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

“செல்வம், யாருக்காவது வீடு கிடைக்காமப் போனா?”
“ஏன் கிடைக்காது?”
“சும்மா கேட்டேன்.”
“அக்கா, உனக்கு ஏதாச்சும் தெரியுமா?”
“எனக்கென்ன தெரியும், நான் டைப் அடிக்கிறவ.”

கூடப் பொறந்தவன் மூஞ்சியைப் பார்த்துப் புளுகிட்டு வந்தேன். சொன்னா கையெழுத்து நிக்கும். நின்னா இவன் வீடும் போகும். சொல்லலன்னா பாக்கியம் அக்கா தன் கையாலயே தன் வீட்டைக் காலி பண்ணக் கையெழுத்துப் போடும். ரெண்டுல எது வேணும்னு யாராச்சும் எனக்குச் சொல்லித் தொலைங்களேன்.

ஜூலை 12, சனி

வெயில். துணி துவைச்சேன். பூனை பக்கெட்டுக்குள்ள.

பத்து மணிக்கு காதர் பாய் ஃபோன்.

“தங்கச்சி, கடைசி அத்தியாயம் எங்கம்மா? மெஷின் சும்மா நிக்குது.”
“முடிவு வரமாட்டேங்குது பாய்.”
“பிள்ளைங்க படிக்கிற புஸ்தகம். ஆளு நல்லவரா கெட்டவரா, ஒண்ணு சொல்லி முடிச்சிடு.”
“நல்லவர்தான் பாய். அந்த ஒரு நாள் மட்டும் வரல.”
“அப்போ அந்த நாளை விட்டுடு. முப்பது வருஷ அரசியல் இருக்கே, அது போதாதா?”
“அன்னிக்கு அவர் வந்திருந்தா வீடு வாசல் போகாம இருந்திருக்கும் பாய், எத்தனையோ பேருக்கு.”
“ஒரு ஓட்டுல எல்லாம் மாறிடுமா தங்கச்சி?”
“மாறியிருக்காதுன்னுதான் அவரும் எழுதிக்கிட்டே இருந்தார், சாகிற வரைக்கும்.”

பாய், “திங்கட்கிழமைக்குள்ள குடு”ன்னு வச்சிட்டார்.

எழுதிப் பார்த்தது:

ஒண்ணு. “உடல்நலக் குறைவால் அவர் அன்று அவைக்கு வர இயலவில்லை.” பொய். அவருக்கு இருந்த பல்வலியும் முந்தின வாரமே சரியாப் போச்சு, புஸ்தகத்துலயே இருக்கு.

ரெண்டு. “அவர் அந்த மசோதாவை ஆதரித்து வாக்களிக்கவில்லை.” நிஜம். கேக்கவே அருவருப்பா இருக்கு.

மூணு. “அவர் அன்று வரவில்லை.”

மூணாவதை வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் இன்னும் எழுத வேண்டியிருந்துச்சு. கடைசிப் பத்து வருஷம் ஊர்க்காரங்களுக்குக் கடுதாசி மேல கடுதாசி போட்டுக்கிட்டே இருந்தாராம், அந்த மக்களுக்கு எதிரா நான் ஒண்ணும் பண்ணலையே, என் ஒரு ஓட்டுல ஒண்ணும் மாறியிருக்காதேன்னு. அவங்க திருப்பி அவரைத் தேர்ந்தெடுக்கவே இல்ல. வயசான காலத்துல பழத்தோட்டமும் கடுதாசியுமா செத்துப் போனார்.

பயமா இருக்கு. வேலை போனா தோட்டம் குடுத்த குவாட்டர்ஸ் வீடும் போகும். நாப்பத்தொன்பது வயசுல, கல்யாணமும் பண்ணிக்காதவ, பூனையைத் தூக்கிக்கிட்டு எங்க போறது?

ஜூலை 13, ஞாயிறு, 3 மணி

நல்ல வெக்கை. கறி ஆக்கல, முட்டைதான்.

போகல. போறதில்லன்னு முடிவு. வழக்கம்னு ஒண்ணு இருக்கு. ராஜு அண்ணனுக்கு வாக்கும் குடுத்தாச்சு.

அலமாரி தூசி தட்டினேன். பழைய பத்திரிகை கட்டினேன். கொல்லைப்பக்கம் கறிவேப்பிலைச் செடிக்கு மண்ணைக் கொத்தி விட்டேன். கொத்திக்கிட்டு இருக்கும்போதே, நான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்னு புரிஞ்சு போச்சு. மண்வெட்டியை அங்கயே போட்டுட்டு உள்ள வந்து இதை எழுதுறேன். மணி மூணேகால் ஆகப் போகுது. ஆபீஸ் சாவி எங்க வச்சேன்?

ஜூலை 13, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்ன

எழுதிடணும், இல்லன்னா நாளைக்கு எனக்குத் தோதா மாத்தி ஞாபகம் வச்சிக்குவேன்.

டிராயரைத் தொறந்து பட்டியலை எடுத்துக்கிட்டு பாலாய்க்குப் போனேன். வாசல்ல ராஜு அண்ணன் மோட்டார் சைக்கிள். அவர் கடைசி வரிசையில உக்காந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வாடிப் போச்சு.

“வரமாட்டேன்னு சொன்னீங்களேண்ணே?”
“நீங்களும்தான் சொன்னீங்க.”

ரெண்டு பேருக்கும் வெக்கம். பக்கத்துல உக்காந்தேன். யாரோ, “கிராணியம்மா ஏன் வந்திருக்கு?”ன்னு கேட்டது காதுல விழுந்துச்சு.

செல்வம் கடுதாசியைப் படிச்சு முடிச்சு, பேனாவை முதல் ஆள் கையில குடுத்தான். முதல் ஆள் பாக்கியம் அக்கா. லயத்துல மூத்தது அதுதான், அதுக்குத்தான் மொத மரியாதை. அக்கா கண்ணாடியைத் துடைச்சு மாட்டிச்சு.

எந்திரிச்சிட்டேன். “போடாதீங்கக்கா”ன்னேன். குரல் கீச்சுனு வந்துச்சு. கீழ பார்த்துக்கிட்டே பதினஞ்சு பேரையும் படிச்சேன். முதல்ல என் பேர், கார்னர் வீட்டோட சேர்த்து. அப்புறம் சொன்னேன், இதுல இல்லாதவங்களுக்கு வீடு இல்ல, கையெழுத்து மட்டும் வேணுமாம்னு.

இரைச்சல். ஒருத்தர் நாற்காலியை எத்தினார். ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர், “அப்போ எங்களை ரோட்டுலயா நிக்கச் சொல்றீங்க?”ன்னு என்னைப் பார்த்தே கத்தினார். ராஜு அண்ணன் எந்திரிச்சு, “பாக்கியம் அக்கா பேரு செக்ரோல்ல இல்ல. கூப்பிட்டது நான்தான். அதை விட்டுட்டு மத்தவங்களைக் கூப்பிட வாய் வரல”ன்னார். அழுதிடுவார் போல இருந்துச்சு. அக்கா பேனாவை மூடி போட்டு மேசையில வச்சுது.

செல்வம் என்கிட்ட வந்தான். மெதுவாத்தான் பேசினான்.

“வெள்ளிக்கிழமை கேட்டேனேக்கா. தெரியாதுன்ன.”
“தெரியும்டா.”
“என் வீட்டு ஒழுகலைப் பார்த்துட்டுத்தான போன?”
“பார்த்தேன்.”

அப்புறம் கை தூக்கச் சொன்னான், வீட்டுக்கு ஒரு கை. இப்படியே கையெழுத்துப் போடலாம்னு எட்டு கை. முதல் கை என் தம்பியோடது. இருபத்திரண்டு வீடும் குடுத்தாத்தான் போடுவோம்னு பதிமூணு கை. பாக்கியம் அக்கா எதுக்கும் கை தூக்கல.

ஜூலை 14, திங்கள்

தூறல்.

எட்டு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

“யார் சொன்னது?”
“நான்தான் சார்.”

யாரோன்னு மழுப்புவேன்னு எதிர்பார்த்தார் போல. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். எனக்கும் மேலேருந்து உத்தரவுதான் கமலா, நீயாச்சும் புரிஞ்சிக்குவன்னு நெனச்சேன்னார். பட்டியல்ல என் பேர் மேல ஒரு கோடு. மாசக் கடைசியில என்னை வேற தோட்டத்துக்கு மாத்துவாங்களாம், எங்கன்னு சொல்லல. கம்பெனி இருபத்திரண்டு வீட்டுக்கும் யோசிக்குமா, ஒரு வீடும் குடுக்காம விட்டுடுமான்னு கேட்டேன். “தெரியாது”ன்னார். அது பொய்யில்லன்னு தோணுது.

செல்வம் மோட்டார்ல என்னைத் தாண்டிப் போனான். எப்பவும் ஹோர்ன் அடிப்பான்.

இருந்தாலும் ஒண்ணு எழுதணும். நெஞ்சு லேசா இருக்கு. பல நாள் கழிச்சு வயிறு நெறையச் சாப்பிட்டேன். செஞ்சிட்டேன்ல, போய் நின்னேன்ல, அந்த ஆள் மாதிரி இல்லன்னு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. கடைசி அத்தியாயத்தை “அவர் அன்று வரவில்லை”ன்னு எழுதி அனுப்பிட்டேன். பாய் பதிலுக்கு, “சரி தங்கச்சி, அப்படியே போடறேன்”னார்.

ஜூலை 15, செவ்வாய்

மழை விட்டிடுச்சு. சேறு.

பெரட்டுல ராஜு அண்ணன் பதினஞ்சு பேரைக் கூப்பிட்டு நிறுத்திட்டார். அக்கா வரிசையில இல்ல. குத்தகைக்காரனோட ஆளுங்க நிக்கிற மரத்தடியில, கூடையைக் கீழ வச்சிக்கிட்டு நின்னுச்சு. எல்லாரும் கலைஞ்சதும் ஜன்னல்கிட்ட வந்துச்சு. நன்றி சொல்ல வருதுன்னு நெனச்சேன். வெக்கங்கெட்டவ, என்ன பதில் சொல்றதுன்னுகூட யோசிச்சு வச்சேன்.

“எப்போலேருந்துடி என் பேரு இல்ல?”
“ஆறு வருஷம்க்கா.”
“அந்தப் புஸ்தகம் எழுதுறது நீதான?”
“நான்தான்.”
“ராஜு ஆம்பள, வாய் வரல, சரி. நீ இந்த ஜன்னல்லதான உக்காந்திருந்த? தினம் காலையில நான் கத்தினது உனக்குக் கேட்டுச்சா?”

என்னென்னமோ சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். கூட்டத்துக்கு வந்தேனேக்கா, என் வீடும் போச்சேக்கா, எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

“கேட்டுச்சுக்கா.”

அக்கா கூடையை எடுத்து இடுப்புல வச்சிக்கிட்டு, சேத்துல பார்த்துப் பார்த்து நடந்து போச்சு. செக்ரோல் தொறந்தபடி இருக்கு. இன்னும் ஒண்ணும் எழுதல.